தலைமைப் பாங்கும் தொழிலாளர் ஈடுபாடும்

ஒரு தொழில் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு முதலீடு, இயந்திரங்கள், மூலப்பொருள், சந்தை ஆகியவை இன்றியமையாதவை. இவை அனைத்தும் ஏறத்தாழ ஒன்றுபோல் அமைந்துள்ள இரு ஆலைகளில் ஒன்று செழிப்பதும் மற்றொன்று நலிவதும் நாம் அடிக்கடி காணும் நிகழ்ச்சியே. இவ்வேறுபாட்டிற்குத் தலைமைப் பாங்கினைக் காரணமாகக் காட்டுவது மேலாண்மை நூல்களின் வழக்கம். நல்ல தலைவர் அமைந்தால் தொழிலாளர் ஈடுபாடு பெருகும், ஈடுபாடு பெருகினால் உற்பத்தி உயரும், உற்பத்தி உயர்ந்தால் இலாபம் வரும் என்று ஒரு சங்கிலியை அவை நமக்கு அளிக்கின்றன. தேர்வு எழுதும் மாணவர்கள் இதனை அப்படியே எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் பரிசீலிக்கும் அலுவலர்களோ, இச்சங்கிலியின் கண்ணிகள் எவ்வளவு உறுதியானவை என்று சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள். நம் நாட்டின் தொழில் வரலாற்றிலிருந்தே சில சான்றுகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலில் ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின், ரொனால்டு லிப்பிட், ரால்ஃப் ஒயிட் என்னும் உளவியலார் நடத்திய சோதனைகளின் முடிவுகள் 1939இல் வெளியாயின. சுமார் 10 வயதுச் சிறுவர்களைக் குழுக்களாகப் பிரித்து, கைவினை வேலைகளில் ஈடுபடுத்தினர். சில குழுக்களுக்கு ஒவ்வொரு படியையும் தாமே கட்டளையிடும் எதேச்சாதிகாரத் தலைவரும், சிலவற்றிற்குச் சிறுவர்களுடன் கலந்து முடிவெடுக்கும் ஜனநாயகத் தலைவரும், இன்னும் சிலவற்றிற்கு எதிலும் தலையிடாத தலைவரும் அமைந்தனர். எதேச்சாதிகாரத் தலைமையின்கீழ் வேலையின் அளவு குறையவில்லை. ஜனநாயகக் குழுக்களைக் காட்டிலும் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. பாடநூல்கள் பல இதனைக் கூறாது விட்டுவிடுகின்றன. வேறுபாடு வெளிப்பட்டது தலைவர் அறையை விட்டு வெளியே சென்றபோதுதான். கட்டளைக்குப் பழகிய குழுக்களில் வேலை சரிந்தது. கலந்து முடிவெடுத்த குழுக்களில் வேலை தொடர்ந்தது.

பள்ளிச் சிறுவர்களைப் பற்றிய முடிவினை ஆயிரக்கணக்கான தொழிலாளர் பணியாற்றும் ஆலைக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் இச்சோதனை ஓர் அளவுகோலைத் தருகிறது. தலைவர் முன்னிற்கையில் கிடைக்கும் உற்பத்தியைக் கொண்டு தலைமையை மதிப்பிடுவது போதாது. அவர் இல்லாதபோது என்ன நிகழ்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

ஈடுபாடு என்ற சொல்லையும் சற்றே தெளிவுபடுத்திக் கொள்வோம். ஜான் மேயர், நடாலி ஆலன் என்னும் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 1991இல் ஈடுபாட்டை மூன்று கூறுகளாகப் பகுத்தனர். நிறுவனத்தைத் தமதென உணர்ந்து விரும்பித் தங்குவது ஒன்று. வேறிடம் சென்றால் இழப்பு நேரும் எனக் கணக்கிட்டுத் தங்குவது மற்றொன்று. தங்குவதே முறை என்னும் கடமையுணர்வால் தங்குவது மூன்றாவது. வருகைப் பதிவேட்டில் இம்மூவகையினரும் ஒன்றுபோலவே தோன்றுவர் என்பதுதான் சிக்கல். நம் நாட்டில் பாட்னாவைச் சேர்ந்த உளவியலார் ஜே.பி.பி. சின்ஹா, 1980இல் வெளியிட்ட நூலில், இந்தியச் சூழலுக்கேற்ற தலைமைப் பாங்கு ஒன்றினை விவரித்தார். பணியில் கண்டிப்பும், பணி செய்வோரிடம் பரிவும் உள்ள தலைவர், அவர்கள் திறனும் தன்னம்பிக்கையும் பெறப் பெற முடிவெடுக்கும் பொறுப்பினை அவர்களிடம் படிப்படியாக ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இதன் முற்பகுதி நம் நிர்வாகிகளிடையே பெரிதும் வரவேற்கப்பட்டது. பொறுப்பினை ஒப்படைக்கும் பிற்பகுதி அந்த அளவிற்கு நினைவில் நிற்கவில்லை.

குர்கானில் ஒரு தொடக்கம்

இனி நடைமுறைக்கு வருவோம். மாருதி உத்யோக் நிறுவனம் 1981 பிப்ரவரியில் அரசு நிறுவனமாக அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைமைப் பொறுப்பு, திருச்சியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையை நடத்திப் பின்னர் அந்நிறுவனத்தின் தலைவராகவும் விளங்கிய வெ. கிருஷ்ணமூர்த்தியிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்திய ஆட்சிப் பணியைச் சேர்ந்த ஆர்.சி. பார்கவா அவருடன் இணைந்தார். 1982 அக்டோபரில் ஜப்பானின் சுசூகி நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1983 டிசம்பரில் முதல் கார் வெளிவந்தது. தொடக்கத்தில் சுசூகியின் பங்கு 26 விழுக்காடு மட்டுமே.

குர்கான் ஆலையில் புகுத்தப்பட்ட வழக்கங்கள் அக்கால இந்தியத் தொழிலுலகிற்குப் புதியவை. நிர்வாக இயக்குநரும் கடைநிலைத் தொழிலாளியும் ஒரே வகைச் சீருடை அணிந்தனர். உணவகம் அனைவருக்கும் ஒன்றே. உயர் அலுவலரும் வரிசையில் நின்றே உணவு பெற்றனர். அதிகாரிகளுக்குத் தனியறைகள் இல்லை. திறந்த கூடத்தில் மேசைகள் இடப்பட்டன. தொழிலாளரும் மேற்பார்வையாளரும் நூற்றுக்கணக்கில் ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். தர வட்டங்களும் ஆலோசனைத் திட்டங்களும் அமைந்தன. உற்பத்தித் திறனுடன் இணைந்த ஊக்கத்தொகை வழங்கப்பட்டது.

சாதிப் படிநிலைக்கும் பதவிப் படிநிலைக்கும் பழகிய நம் சமுதாயத்தில் பொது உணவகம் என்பது சிறு செய்தியன்று. அலுவல் நிமித்தம் நான் சென்ற ஆலைகளில், அதிகாரிகளின் உணவறை, மேற்பார்வையாளர் உணவறை, தொழிலாளர் உணவறை என்று மூன்று வாயில்களைக் கண்டிருக்கிறேன். ஓர் ஆலையில் நான்காவதாக ஒப்பந்தத் தொழிலாளர்க்கு மரத்தடியே உணவறையாக இருந்தது. அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் ‘நாம் அனைவரும் ஒரு குடும்பம்’ என்னும் பொருள்பட ஒரு பத்தி இடம்பெற்றிருந்தது. எவ்வகைத் தலைமை நிலவுகிறது என்பதைத் தொழிலாளர் அறிந்துகொள்வது இத்தகைய வாயில்களைக் கொண்டுதானே அன்றி, அறிக்கையின் பத்தியைக் கொண்டு அன்று.

மாருதியின் தொடக்க ஆண்டுகளில் இவ்வழக்கங்களுக்குப் பின்னால் பொருளியல் அடிப்படையும் இருந்தது. தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் நிரந்தர ஊழியர். சந்தை விரிந்துகொண்டே சென்றது. போட்டி மிகக் குறைவு. உற்பத்தி பெருகப் பெருக ஊக்கத்தொகையும் பெருகிற்று. சமத்துவம் சீருடையில் மட்டுமன்றி ஊதியச் சீட்டிலும் ஓரளவு தெரிந்தது எனலாம்.

உருக்கு ஆணையத்தில்

1985இல் கிருஷ்ணமூர்த்தி இந்திய உருக்கு ஆணையத்தின் தலைவரானார். மாருதி புதிதாகக் கட்டப்பட்ட நிறுவனம். உருக்கு ஆணையமோ பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர், பொகாரோ முதலிய ஆலைகளில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கொண்டிருந்த பழம்பெரும் அமைப்பு. 1982-83, 1983-84 ஆகிய இரு ஆண்டுகளிலும் நட்டத்தில் இயங்கியது. புதிய தலைவர் ஆலைதோறும் சென்று, ஊழியர், மேற்பார்வையாளர், சங்கத்தினர் என ஆயிரக்கணக்கானோருடன் கலந்துரையாடினார். அவ்வுரையாடல்களிலிருந்து ‘செயலுக்கான முன்னுரிமைகள்’ என்னும் ஆவணம் உருவாயிற்று. பணிப் பண்பாட்டை மேம்படுத்தல், நிறுவப்பட்ட திறனை முழுமையாகப் பயன்படுத்தல், உற்பத்தித் திறனை உயர்த்தல், இலாபம் ஈட்டல், வாடிக்கையாளர் தேவையை நிறைவு செய்தல் ஆகியன அதன் சாரம். இலக்குகள் புதியவை அல்ல. அவை மேலிருந்து சுற்றறிக்கையாக இறங்காமல் கலந்துரையாடி எழுந்தமையே புதுமை.

நிறுவனம் மீண்டும் இலாபப் பாதைக்குத் திரும்பியது. எனினும் பொருளியல் மாணவர் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். 1992 ஜனவரி வரை உருக்கின் விலையும் பகிர்மானமும் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டிருந்தன. விலை நிர்ணயிக்கப்படும் பண்டத்தை விற்கும் நிறுவனத்தின் இலாபத்தைக் கொண்டு மட்டும் அதன் தலைமையை அளந்துவிட முடியாது. 1998-99 முதல் 2002-03 வரை ஐந்தாண்டுகள் அதே நிறுவனம் தொடர்ந்து நட்டம் கண்டது. பின்னர் உலக உருக்கு விலை உயர்ந்ததும் பெரும் இலாபம் ஈட்டியது. அந்த ஐந்தாண்டு தொழிலாளரின் ஈடுபாடு மறைந்துபோய், 2003-04இல் திடீரென்று திரும்பி வந்ததென்று யாரும் கூறமாட்டார்கள். சந்தையின் ஏற்றத் தாழ்வைத் தலைவரின் கணக்கில் எழுதுவது, புகழ்ச்சியாயினும் இகழ்ச்சியாயினும், தவறான கணக்கே.

மாறியது எது?

மாருதிக்குத் திரும்புவோம். 1990களின் பிற்பகுதியில் கார்ச் சந்தையில் வெளிநாட்டு நிறுவனங்கள் நுழைந்தன, போட்டி கடுமையாயிற்று. ஊக்கத்தொகைத் திட்டம் குறித்து எழுந்த தகராறு, 2000 அக்டோபர் முதல் 2001 ஜனவரி வரை ஏறத்தாழ மூன்று மாதப் போராட்டமாக நீடித்தது. நன்னடத்தை உறுதிமொழியில் கையொப்பமிட்டால்தான் வேலை என்னும் நிபந்தனை அப்போது முதலில் விதிக்கப்பட்டது. அதன்பின் விருப்ப ஓய்வுத் திட்டங்கள் வந்தன. நிரந்தரத் தொழிலாளர் செய்துவந்த வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர் பெருகினர். 2002இல் நிறுவனத்தின் கட்டுப்பாடு சுசூகியின் கைக்கு மாறிற்று. 2007இல் அரசு தன் எஞ்சிய பங்குகளையும் விற்று விலகியது.

2006-07இல் மானேசரில் இரண்டாவது ஆலை செயல்படத் தொடங்கிற்று. அங்கும் அதே சீருடை. அதே பொது உணவகம். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சியாளரும் தொழிலாளர் தொகையில் பெரும் பங்கினர். நிரந்தரத் தொழிலாளர்க்குப் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்து, அவர்களைவிட மிகக் குறைந்த ஊதியம் பெற்றனர். தேநீர் இடைவேளை 7 நிமிடம் என்பதும், விடுப்பு எடுத்தால் ஊக்கத்தொகை கணிசமாகக் குறையும் என்பதும் அக்காலத்தில் பரவலாகச் செய்தியாயின.

2011 ஜூனில் மானேசர் தொழிலாளர், குர்கான் சங்கத்திலிருந்து வேறான தனிச் சங்கம் கோரி 13 நாட்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். ஆகஸ்டு இறுதியில் நன்னடத்தை உறுதிமொழிப் பத்திரம் மீண்டும் கேட்கப்பட்டது. ஆலை ஒரு மாதத்திற்கு மேல் முடங்கிற்று. அக்டோபரில் மீண்டும் வேலைநிறுத்தம். அப்போராட்டத்தை நடத்திய முன்னணித் தொழிலாளர் சுமார் 30 பேர் பணம் பெற்றுக்கொண்டு நிறுவனத்தை விட்டு விலகினர். 2012இல் புதிய சங்கம் பதிவு பெற்றது. அவ்வாண்டு ஜூலை 18 அன்று ஆலையில் மூண்ட வன்முறையிலும் தீயிலும் மனிதவளப் பொது மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். அலுவலர் பலர் காயமுற்றனர். ஆலை ஆகஸ்டு 21 வரை மூடப்பட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர் நீக்கப்பட்டனர். 148 பேர் மீது நடந்த வழக்கில், 2017 மார்ச்சில் குர்கான் நீதிமன்றம் 31 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்து, 117 பேரை விடுவித்தது. 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றமற்றோரென விடுவிக்கப்பட்டவர்களுள் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தவர்கள்.

ஓர் அலுவலரின் உயிரைப் பறித்த வன்முறைக்கு எவ்வித நியாயமும் கூற இயலாது. அதே வேளையில், தலைமைப் பாங்கினைப் பயில்வோர் இங்கு ஒரு கேள்வியைத் தவிர்க்கவும் இயலாது. தொடக்க காலத்தின் சமத்துவ வழக்கங்களை வகுத்தோருள் ஒருவரான பார்கவா, 2007 முதல் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். ஆகவே, நல்ல தலைவர் போய் வேறொருவர் வந்ததால் நிலைமை கெட்டது என்னும் எளிய விளக்கம் இங்குப் பொருந்தாது. சீருடை மாறவில்லை, உணவகம் மாறவில்லை, மேலிருந்தவரும் முற்றிலும் அயலவர் அல்லர்.

மாறியவை வேறு. யார் நிரந்தர ஊழியர் என்பது மாறிற்று. குறையைச் சொல்ல வாயில் எது என்பது மாறிற்று. உற்பத்தி பெருகும்போது யாருடைய பங்கு பெருகுகிறது என்பது மாறிற்று. இவை மூன்றும் மாறிய பின், ஒரே சீருடை என்பது சமத்துவத்தின் அடையாளமாக நிற்காது. அருகருகே நிற்கும் இருவர் ஒரே உடையில் வெவ்வேறு ஊதியம் பெறுவதை நாள்தோறும் நினைவூட்டும் அடையாளமாகவே அது ஆகிவிடும். அடையாளத்தை மட்டும் காத்து, அதன் உள்ளீட்டைக் குறைத்துக்கொண்டு வரும் நிர்வாகத்திற்கு நேரக்கூடிய ஆபத்து இதுவே.

இதில் அலுவலர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நிறுவனத்தின் கணக்கேடுகள் முன்னெச்சரிக்கை எதனையும் தரவில்லை. 2010-11இல் மாருதி 12.71 இலட்சம் வாகனங்களை விற்றது. அதுவரை அதன் வரலாற்றில் அதுவே உச்சம். மறு ஆண்டு விற்பனை 11.34 இலட்சமாகக் குறைந்தது. நிகர இலாபம் சுமார் 2,289 கோடி ரூபாயிலிருந்து 1,635 கோடி ரூபாயாக இறங்கிற்று. இவ்வீழ்ச்சி முழுவதற்கும் தொழில் தகராறே காரணம் என்பது சரியாகாது. பெட்ரோல் விலை உயர்வு, டீசல் கார்களை நோக்கிய நாட்டம், வட்டி விகிதம், ஜப்பானிய நாணய மதிப்பு ஆகியவற்றின் பங்கும் இருந்தது. ஆயினும் தகராறுக்கு முந்தைய ஆண்டின் உச்ச விற்பனை, ஈடுபாட்டின் சான்றாக அன்று வாசிக்கப்பட்டிருக்கக்கூடும். அது உண்மையில் அளந்தது, வேறிடம் செல்ல வழியில்லாதோர் தந்த உழைப்பையும் சேர்த்தே. மேயரும் ஆலனும் பகுத்த முதல் வகை ஈடுபாடு கரைந்து இரண்டாம் வகை மட்டும் எஞ்சும்போது, ஒரு காலம் வரை உற்பத்தி சிறிதும் குறையாது.

2012க்குப் பின் நிறுவனம் நேரடி உற்பத்திப் பணிகளில் ஒப்பந்ததாரர் மூலம் ஆள் எடுப்பதைக் கைவிட்டு, தற்காலிகத் தொழிலாளரைத் தானே நேரடியாக நியமிக்கும் முறைக்கு மாறியது. அவர்களை நிரந்தரமாக்குவது பற்றிய கேள்வி அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

அகமதாபாத்தில் ஒரு தறிக்கூடம்

தலைவர் அறையை விட்டு நீங்கிய பின்னும் தொடரக்கூடிய பணிமுறையை அமைக்க முடியுமா? இதற்கு நம் நாட்டிலேயே பழமையான சோதனை ஒன்று உண்டு. 1953இல் இலண்டனைச் சேர்ந்த டாவிஸ்டாக் நிலையத்தின் ஏ.கே. ரைஸ், அகமதாபாத் காலிகோ ஆலையின் தானியங்கித் தறிக்கூடத்தை ஆராய்ந்தார். 224 தறிகளில் 29 தொழிலாளர், 12 வகையான தனித்தனி வேலைகளில் பிரிந்து கிடந்தனர். இழை அறுந்தால் இணைப்பவர் ஒருவர், நூற்கண்டு மாற்றுபவர் ஒருவர், எண்ணெய் இடுபவர் ஒருவர் என்றவாறு, எவரும் எந்தத் தறிக்கும் முழுப் பொறுப்பாளர் அல்லர். புதிய தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்த அளவிற்கு உயரவில்லை.

குறிப்பிட்ட தறித் தொகுதியைச் சிறு குழு ஒன்று முழுமையாக ஏற்று நடத்தலாம் என ரைஸ் யோசனை கூறினார். தொழிலாளரும் மேற்பார்வையாளரும் அதனைத் தாமே கையிலெடுத்துக் குழுக்களை அமைத்துக்கொண்டனர். தொடக்கத் தடுமாற்றங்களுக்குப் பின் தறிகளின் செயல்திறன் உயர்ந்தது. துணிச் சேதம் குறைந்தது. இங்குப் பேச்சாற்றல் மிக்க தலைவர் எவரும் இல்லை. வேலையின் அமைப்பே மாறிற்று. எழுத்தறிவு குறைந்த இந்தியத் தொழிலாளர்க்குக் கட்டளைத் தலைமையே ஏற்றது என்று அன்று பலர் நம்பிவந்ததை எண்ணிப் பார்த்தால் இதன் சிறப்பு விளங்கும்.

1970இல் ரைஸின் உடன் ஆய்வாளரான எரிக் மில்லர் மீண்டும் அங்குச் சென்று பார்த்தார். சோதனை நடந்த கூடங்களுள் ஒன்றில் குழுமுறை பெருமளவு நிலைத்திருந்தது. தானியங்கித் தறிக்கூடத்திலோ அது தேய்ந்து, பழைய தனிவேலை முறையே பெரிதும் திரும்பியிருந்தது. சந்தையின் நெருக்கடியும் துணி வகைகளின் மாற்றமும் ஆள்மாற்றமும் குழுவின் எல்லைகளைக் கலைத்துவிட்டன. அவ்வெல்லைகளைக் காப்பது தம் பணி என்று மேலிருந்தோர் கருதாத இடத்தில் நல்ல அமைப்பும் கலைந்துபோகிறது.

பொதுத்துறையின் நிலை

நம் பொதுத்துறை நிறுவனங்களில் தலைவர் அறையை விட்டு நீங்குவது விதியிலேயே எழுதப்பட்டுள்ளது. தலைமைப் பதவிக்கான நியமனம் பொதுவாக 5 ஆண்டுகளுக்கு அல்லது ஓய்வு பெறும் வயது வரை, இவற்றுள் எது முன்னதோ அதுவரை. பணிமூப்பு பெற்று அப்பதவியை அடைவோர் பலர்க்கு இரண்டு, மூன்று ஆண்டுகளே கிடைக்கின்றன. இக்காலத்திற்குள் தனிப்பட்ட கவர்ச்சியால் உண்டாகும் ஈடுபாடு பிரிவுபசார விழாவோடு முடிவடையும். கலந்தாலோசனைக்கென நிலையான அமைப்புகள் இருந்தால் மட்டுமே அடுத்தவர்க்கு ஏதேனும் எஞ்சும். உருக்குத் துறையில் 1969 முதல் நிர்வாகமும் மையத் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து ஊதியத்தை முடிவு செய்யும் தேசியக் கூட்டுக் குழு இதற்கு எடுத்துக்காட்டு. 1985இன் கலந்துரையாடல்கள் வெற்று நிலத்தில் நடக்கவில்லை.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் இருதரப்பாரும் சமமாக இடம்பெறும் ஆலைக் குழுவை அமைக்க 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் வழி செய்தது. 2020இன் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் இக்குழுவை ஏற்றதோடு, குறைதீர்க்கும் குழுவையும் வகுத்தது. 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியே அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 43-அ பிரிவு, நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பதை அரசின் நெறிமுறைக் கோட்பாடாக்கிற்று. பொதுத்துறைக்கென 1983 டிசம்பரில் ஒரு பங்கேற்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1990இல் கொண்டுவரப்பட்ட பங்கேற்பு மசோதா சட்டமாகவில்லை.

அமைக்கப்பட்ட குழுக்கள் பல எவ்வாறு இயங்குகின்றன என்பதை நடவடிக்கைக் குறிப்பேடுகளைப் புரட்டினால் அறியலாம். குடிநீர்க் குழாய், மிதிவண்டி நிறுத்தம், தீபாவளி இனிப்பு ஆகியவை பேசப்படும். உற்பத்தி இலக்கு, ஆள்குறைப்பு, ஒப்பந்தப் பணி ஆகியவை ‘இக்குழுவின் வரம்பிற்கு அப்பாற்பட்டவை’ என ஒதுக்கப்படும். மிதிவண்டி நிறுத்தமும் முக்கியமே. ஆனால் அதைமட்டும் பேசும் குழுவை நடத்திவிட்டு ஜனநாயகத் தலைமை நிலவுகிறது என்று அறிக்கை எழுதுவதில் பொருளில்லை.

ஆண்டறிக்கையைப் பரிசீலிக்கும் அலுவலர் விற்பனை, இலாபம் ஆகியவற்றின் அருகே வேறு சில எண்களையும் கேட்டுப் பெறலாம்: உற்பத்திப் பிரிவில் நூற்றுக்கு எத்தனை பேர் நிரந்தரமற்றோர், ஒரே வேலைக்கு இரு ஊதியம் உண்டா, இடைவெளி எவ்வளவு, ஆலைக் குழு சென்ற ஆண்டில் எத்தனை முறை கூடிற்று, அதில் தொழிலாளர் தரப்பு எழுப்பிய பொருள்களுள் எத்தனை முடிவெடுக்கப்பட்டன, எழுத்து வடிவில் வந்த குறைகள் எத்தனை நாட்களில் விடை பெற்றன, தலைவர் மாறிய ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் வராமை விகிதமும் விலகுவோர் தொகையும் எவ்வாறு இருந்தன. இவற்றுள் பெரும்பாலானவை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் ஏற்கெனவே இருப்பவை. தனியே புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவைப்படாது. கேட்கும் படிவத்தில் சில வரிகளைச் சேர்த்தால் போதும்.